மேல்வளையம் உடைந்த எட்டு

1994 அக்டோபர் 3, திங்கள்

விடுமுறை. மருமகன் டீட்மார் வந்து சமையலறை மேசையில் போர்க்காலப் பதக்கங்களைக் கொட்டினான். பழைய சாமான் சந்தையில் விற்கிறான். நாஜிகளின் கொக்கிச் சிலுவை வெளியே தெரிந்தால் சட்டப்படி குற்றம், அதனால் ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு ஸ்டிக்கர். வாங்குகிறவர்கள் பார்ப்பது முதுகைத்தானே. எந்தப் பட்டறை, எந்த எண். பூதக்கண்ணாடியும் புத்தகமுமாக முழித்துக்கொண்டிருந்தான்.

"தள்ளுங்க மாப்பிள்ளை" என்று கட்டைவிரல் நகத்தால் எண்களைத் தடவினேன். உளி வைத்து அடித்த எண்ணென்றால் விளிம்பில் நகம் சிக்கும். இப்போது வார்க்கிற போலி, கரைந்த சோப்பு மாதிரி வழுக்கும். பதினெட்டில் ஏழு போலி.

"அத்தை, உங்க நகத்தையே ஏலம் விடலாம் போலிருக்கே."

விடுவான். செய்யக்கூடிய ஆள்தான்.

அக்டோபர் 4

நேற்று ஒன்றை மட்டும் சொல்லாமல் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். காயப் பதக்கம். எண் 183. எங்கள் பட்டறை எண், பதினாறு வயதிலிருந்து நான் அடித்த எண். எட்டின் மேல்வளையம் இடதுபக்கம் உடைந்திருக்கிறது.

அது என் கைவேலை. 1945 மார்ச்சில் எண் பொறித்த உளியைக் கல்தரையில் போட்டுவிட்டேன். மேஸ்திரிக்குத் தெரிந்தால் அறை விழும். அண்ணன் எவால்டிடம் மட்டும் சொன்னேன். கால் ஊனம் என்று ராணுவம் அவனை எடுக்கவில்லை, கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எட்டுக்கு ஒரு கண்ணு போச்சு, அவ்வளவுதானே தெக்லா. எவன் பாக்கப்போறான்?" என்றான். மூன்று வாரம் அதே உளியால் அடித்தேன். ரயில்பாதை குண்டுபட்டுக் கிடந்தது. ஒரு பதக்கம்கூட ஊரைவிட்டுப் போகவில்லை. அத்தனையும் ஒரே பெட்டிக்குள்.

அமெரிக்கர்கள் வருவதற்கு முந்தின நாள் பெட்டியை எங்காவது புதைத்துவிட்டு வரச் சொன்னார் முதலாளி. எவால்ட் கைவண்டியில் தள்ளிக்கொண்டு போனான். வரவில்லை.

அமெரிக்கர்களிடம் பெட்டியை சிகரெட்டுக்கு விற்றுவிட்டு ஓடிவிட்டான் என்றது ஊர். அம்மா திருடனைப் பெற்றவளாகச் செத்தாள். போரில் மாண்டவர்களின் கல்லில் அவன் பெயர் இல்லை.

விற்றதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னவன் ஏகோன். பட்டறை வாசலில் காவல் நின்றவன். இன்றைக்கும் என் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதே ஏகோன்.

அக்டோபர் 6

பதக்கம் எங்கே கிடைத்தது என்று டீட்மாரைக் கேட்டேன்.

"பக்கத்து வீட்டு ஏகோன் ஐயா குடுத்தாரு. நாப்பத்தி மூணுல ரஷ்யாவுல அடிபட்டப்போ ஆஸ்பத்திரியிலயே குத்திவிட்டாங்களாம்."

நாற்பத்து மூன்றில் அந்த எட்டு முழு எட்டு. அமெரிக்கனிடம் வாங்கினேன் என்று சொல்லியிருந்தாலாவது நம்பித் தொலைத்திருப்பேன். எதற்குப் பொய்?

அக்டோபர் 16, ஞாயிறு

பிளம்ஸ் கேக் சுட்டு ஏகோனைக் காப்பிக்குக் கூப்பிட்டேன். நாற்பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. இரண்டு துண்டு தின்றான். பிறகு பதக்கத்தைக் கவிழ்த்து அவன் தட்டோரம் வைத்து, எட்டின் கதையைச் சொன்னேன்.

பதக்கத்தை விரல் நுனியால் தள்ளிவிட்டான்.

"ஒரு எட்டு உடைஞ்சிருக்குன்னு சொன்னா எவன் நம்புவான்? கிழவிக்கு மூளை குழம்பிடுச்சும்பாங்க."

"சொல்லிப் பாக்குறேன்."

"உனக்கு ஞாபகம் ரொம்ப அதிகம் தெக்லா. இந்த வயசுல அது உடம்புக்கு ஆகாது." எழுந்து, தட்டைக் கழுவித் தொட்டியில் வைத்துவிட்டுப் போனான். அந்தத் தட்டில் எனக்குச் சாப்பிட முடியவில்லை.

அக்டோபர் 19

தான் கொடுத்தவை எல்லாவற்றையும் ஏகோன் டீட்மாரிடமிருந்து திரும்ப வாங்கிப் போய்விட்டானாம். ஒன்று குறைகிறதே என்று இரண்டு தடவை எண்ணினானாம்.

அக்டோபர் 25

காலையிலிருந்து வேலிச்செடியை வெட்டுகிறான். வெட்ட ஒன்றும் இல்லை. கத்தரியைக் கையில் பிடித்தபடி என் ஜன்னலையே பார்த்து நிற்கிறான்.

அக்டோபர் 26

இன்றும்.

நவம்பர் 5

நானே வேலிக்குப் போனேன். பயந்து சாகவா பிறந்தேன்?

"பதிமூணாம் தேதி, போர்ல செத்தவங்க நினைவு நாள்ல, அந்தக் கல்லு முன்னாடி நின்னு பேர் வாசிப்ப. வருஷா வருஷம் ஊர்த் துப்பாக்கிச் சங்கத் தலைவன்னு நீதானே வாசிக்கிற. எங்க அண்ணன் பேரையும் வாசி. இல்லாட்டி நான் வாசிப்பேன், உன் பேரையும் சேர்த்து."

கத்தரியை மூடினான். திறந்தான். மூடினான்.

"அவன் வண்டியில வெள்ளைத் துணி இருந்துச்சு தெக்லா. அமெரிக்காக்காரன் வந்தா சரணடைய வீட்டு மாடியில கட்டணும்னு சொன்னான். வெள்ளைத் துணி வெச்சிருந்தா சுடணும்னு எனக்கு உத்தரவு."

கேட்டுக்கொண்டு நின்றேன். நின்றேனே! அந்தக் கத்தரியைப் பிடுங்கத் தெரியவில்லை எனக்கு.

"எங்க கெடக்கான்?"

"முதல்ல பேரை வாசிச்சிடறேன். திங்கக்கிழமை காலையில வந்து உன்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன். சொன்னாப் புரியாது. அடையாளம் எனக்கு மட்டுந்தான் தெரியும்."

நவம்பர் 13, ஞாயிறு

வாசித்தான். கடைசிப் பெயருக்குப் பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, தாளில் இல்லாத பெயரைச் சொன்னான். எவால்ட். "திருடன் இல்லை. நான் சொன்னது பொய்" என்றான். வாத்தியக்காரர்கள் ஊதாமல் நின்றார்கள். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா, கேட்டாயா?

நவம்பர் 14, திங்கள்

ஏழு மணிக்கே கோட்டும் பூட்ஸுமாக உட்கார்ந்துவிட்டேன். அவன் வீட்டு ஜன்னல் ஷட்டர் ஏறவில்லை. எட்டு மணி. ஏறவில்லை. இந்தத் தெருவில் எட்டு மணிக்கு ஷட்டர் ஏறாத வீட்டை அக்கம்பக்கத்தார் போய் மணியடித்துப் பார்ப்பது வழக்கம்.

ஒளிந்துகொள்கிறான். ஊருக்கு முன்னால் நல்லவனாகிவிட்டு என்னிடம் ஒளிகிறான். நான் போய்க் கெஞ்சவேண்டுமா? அவன்தானே வருகிறேன் என்றான். வரட்டும்.

பத்து. பதினொன்று. இன்னும் கோட்டோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நவம்பர் 20, இறந்தோர் ஞாயிறு

ஊரே ஊசியிலைக் கிளைகளைக் கட்டிக்கொண்டு கல்லறைகளுக்குப் போகிறது. நானும் நேற்று எவால்டுக்கு ஒரு கட்டு வாங்கிவந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை மூன்று மணிக்குத் தபால்காரர்தான் ஏகோன் வீட்டுக் கதவை உடைக்கச் செய்தார். மாடிப்படிக்குக் கீழே, கோட்டு மாட்டி, பூட்ஸ் போட்டபடி கிடந்தான். மதியம் வரைக்கும் மூச்சு இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

கட்டு வாசலிலேயே கிடக்கிறது. எங்கே கொண்டுபோய் வைப்பேன்?