எட்டாவது ஆள்

பரணில் மழை ஒழுகுகிறது என்று உங்கள் பையை இன்று கீழே இறக்கினேன். உள்ளே இருந்த தோல் கையுறையில் இன்னும் அந்த ஹெலிகாப்டர் எரிபொருளின் மண்ணெண்ணெய் வாடை. செம்பூர் மழையில் பூசணம் பிடித்தும் போகவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முன்னைப் போல உடனே எழுந்துகொள்ள முடிவதில்லை.

நமக்குக் கல்யாணம் ஆனபோதே, கடலில் மாட்டிக்கொண்டவர்களை ஹெலிகாப்டரில் போய்த் தூக்கி வருகிற வேலை உங்களுக்கு. கதவோரம் மண்டியிட்டுக் கயிற்றை இறக்குவீர்கள். "பைலட்டுக்கு நேர் கீழ என்ன இருக்குன்னு தெரியாது பிள்ள. நான் சொல்லுததுதான் அவருக்குக் கண்ணு," என்பீர்கள். "முன்னால மூணு, ரெண்டு, ஒண்ணு, நில்லு," என்று தூரத்தை எண்ணிச் சொல்வீர்களாம்.

நான் வேதாகமத்தை எழுத்துக் கூட்டி வாசித்தும் பார்த்து எழுதியும் தமிழ் படித்தவள். எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. நீங்கள் செருப்பைக் கழற்றும் முன்பே "எத்தன பேரு?" என்று கேட்டு ஜெப நோட்டில் குறித்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை தாராவி கோயிலில் அத்தனை பேருக்கும் ஸ்தோத்திரம்.

புயல் மழையில் மூழ்கிய படகுக்குப் போய் வந்த அன்று "ஏழு" என்றீர்கள்.

"மொத்தமே ஏழு பேருதானா?"

"ஏழுன்னு சொல்லுதம்லா."

பாயசம் வைத்தேன். படகில் இருந்த ஏழு பேரையும் காத்த தேவனுக்கு என்று நான் எழுதிக் கொடுத்ததைப் போதகர் வாசித்தார். எல்லாரும் எழுந்தார்கள். நீங்கள் எழவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஏசினேன்: "ஸ்தோத்திரத்துக்கு எந்திக்க முடியலியோ? பெஞ்சுல பசை ஒட்டியிருந்துச்சோ?" நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

பல வருஷம் கழித்து உங்களுக்குக் கால் தளர்ந்தது. இரண்டு கையையும் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப் போவேன். பின்பக்கமாக நடப்பவள் நான். பார்த்துச் சொல்பவர் நீங்கள். "பின்னால மூணு, ரெண்டு, ஒண்ணு, நில்லு." படியோ வாளியோ ஒரு நாளும் இடித்ததில்லை. "பைலட் சாப், லோடு ஜாஸ்தி, மெதுவா," என்று கேலி வேறு.

ஒரு காலையில் "ரெண்டு" என்றதோடு நிறுத்திவிட்டீர்கள்.

"அந்தப் படகுல எட்டு பேரு பிள்ள. எட்டாவது ஆளுக்கு நில்லுன்னு சொல்லப் பிந்திட்டேன். கயிறு அவனத் தாண்டிப் போயிட்டு. திரும்பி வந்து பாத்தா ஆளு இல்ல."

எனக்குத் தோள் கழன்றுவிடும் போல வலித்தது. "மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. கை வலிக்கி."

"ஒண்ணு. நில்லு."

ஸ்டூலில் உட்கார்ந்ததும் கேட்டீர்கள்: "நோட்டுல அவனையும் சேத்துருவியா? பேரு தெரியாது."

"கர்த்தருக்குத் தெரியும். நாளைக்கு எழுதுதேன்."

அதற்குப் பிறகு நான்கு நாள்தான் இருந்தீர்கள். துணி, மருந்து, கஞ்சி என்று நான்கு நாளும் தள்ளிப்போனது. நீங்களும் மறுபடி கேட்கவில்லை. நான் எழுதாமல் விட்டதற்குச் சோர்வு என்றுதான் கர்த்தரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் ஸ்தோத்திரம் சொல்லி முடித்த பக்கத்தில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

இன்றைக்கு அந்தப் பக்கத்தை எடுத்து ஏழுக்குக் கீழே 'எட்டாவது ஆள்' என்று எழுதினேன். கையுறைக்குக் கேட்கட்டும் என்று ஒருமுறை சத்தமாக வாசித்தேன்.

பிறகு பையை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தேன். முதுகு சுவரில் இடித்தது. மூணு, ரெண்டு, ஒண்ணு எல்லாம் என் வாயில் இருக்கிறது. நில்லு மட்டும் எனக்கும் பிந்தித்தான் வருகிறது.