முனைக் கல் மட்டும் வரவில்லை

லிங்கராஜபுரம்,
பெங்களூரு.

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஆண்டவர் காவலில் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. எனக்கு ஒன்றுமில்லை, உன் அப்பாவுக்குத்தான் முழங்காலுக்குக் கீழே தையல் போட்டிருக்கிறது. பயப்படாதே, நடக்கிறார். போனில் இதையெல்லாம் சொல்ல முடியவில்லை, நான் பேச ஆரம்பித்தாலே ஸ்பீக்கரைப் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். எதிர் வீட்டு விஜி தன் மகனைப் பார்க்க நியூசிலாந்து வருகிறாளாம், அதனால் எழுதி அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். குழந்தைக்கு இருமல் நின்றதா? வெந்நீரில்தானே குளிப்பாட்டுகிறாய்?

முதல் கோபம் எனக்கு உன்மேல்தான். நமக்கும் பக்கத்து வீட்டு ஸ்ரீகண்டனுக்கும் நடுவே, வாசல் கேட் தூணிலிருந்து பின்பக்க முனைவரைக்கும் முள்கம்பி வேலியின் கல் கம்பங்கள் நின்றன அல்லவா, அவற்றை எடுத்துவிட்டுச் சுவர் கட்டலாம் என்று முடிவு செய்தோம். இரண்டு ஆளைக் கூப்பிட்டிருந்தால் ஒரு பொழுதில் முடிந்திருக்கும். நீ என்ன செய்தாய், உங்கள் ஊரில் வெள்ளைக்காரர் ஒருவர் தன் வீட்டு வேலிக் கம்பத்தைத் தானே செய்த கருவியால் பிடுங்குகிற வீடியோவை அனுப்பிவிட்டாய். அன்றோடு என் நிம்மதி போயிற்று. "அங்கெல்லாம் எவனும் ஆளைக் கூப்பிடறதில்ல ஆஞ்சலா, எல்லாம் வீட்லயே செய்றான்" என்று உன் அப்பா ஆரம்பித்தார். வீட்டிலேயே செய்தால் பரவாயில்லை, வீட்டை வைத்தே செய்தார். முதல் நாள் என் துணி காயப்போடுகிற இரும்புக் குழாயைக் கழற்றி, செங்கல் அடுக்கின்மேல் வைத்து, ஒரு நுனியைக் கயிற்றால் கல்லோடு கட்டி, மறு நுனியில் தொங்கினார். கல் அசையவில்லை, குழாய் வளைந்துவிட்டது. இன்றைக்கும் ஈரத் துணியை நாற்காலி மேல்தான் போடுகிறேன். அடுத்து தண்ணீர் டிரம்முக்கு அடியில் வைத்திருந்த பழைய கார் ரிம்மை உருட்டிக்கொண்டு போனார். அதைக் கல்லை ஒட்டி நிமிர்த்தி வைத்து, கேட்டுச் சங்கிலியைக் கல்லின் அடியில் சுற்றி, ரிம்மின் மேலாகக் கொண்டுபோய் ஸ்கூட்டரின் பின்னால் கட்டி இழுத்தார். சங்கிலி மேலே ஏறி இறங்குவதால் கல் நேராக மேலே வருமாம். ஸ்கூட்டர்தான் சறுக்கிக்கொண்டு என் துளசிச் செடியின்மேல் போய் விழுந்தது.

இதையெல்லாம் சுவருக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த ஸ்ரீகண்டன்தான் தன் கார் ஜாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தான். சுவர் என்றா எழுதினேன், சுவர் ஏது, வேலிக்கு அந்தப்பக்கம். அப்பா நான் இஸ்திரி போடுகிற பலகையை மண்ணில் போட்டு அதன்மேல் ஜாக்கியை வைத்தார், கல்லைச் சுற்றிய சங்கிலிக்குள் கடப்பாரையைச் செருகி அதற்கு அடியில் ஜாக்கியை ஏற்றினார். நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி மண்ணை இளக்கியிருந்தார். பொய் சொல்லக்கூடாது, கல் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பி வந்து சாய்ந்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், உன் கல்யாணத்தன்று கூட அவ்வளவு சிரிக்கவில்லை. தினம் ஒன்றாகப் பிடுங்கினார். பின்பக்க முனைக் கல் மட்டும் வரவில்லை. அதற்கு அடியில் ஜல்லியும் சிமென்ட்டும் போட்டிருந்தார்கள். விடு என்றேன், கேட்கவில்லை. ஜாக்கி பலகையிலிருந்து நழுவி, கடப்பாரை தெறித்துக் காலைக் கிழித்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் "செயின் சரியில்ல" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

இவர் கட்டோடு படுத்திருக்கும்போதே ஸ்ரீகண்டன் தன் பக்கம் மாடிப்படி கட்ட மேஸ்திரியைக் கூட்டிவந்து சுண்ணாம்புக் கோடு போட்டான். அந்தக் கோடு நம் இடத்துக்குள் ஓர் அடி இருந்தது. அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்தார், பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். போய்க் கேளுங்கள் என்றதற்கு, "தினம் மூஞ்சிய பாக்கணும், ஒரு அடிதானே, விடு" என்கிறார். ஒரு மாதமாகக் கல்லோடு மல்லுக்கட்டின மனுஷனுக்கு ஒரு மனுஷனிடம் வாய் திறக்க முடியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே போனேன். ஸ்ரீகண்டன் கோபப்படவே இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "எல்லைக் கல்லே இல்லையே ஆன்ட்டி, எத வெச்சு சொல்றீங்க? சாரே தானே பிடுங்கிப் போட்டாரு, நான்தானே ஜாக்கி குடுத்தேன்" என்று சிரித்தான். பிடுங்கின குழிகளை எல்லாம் உன் அப்பா சுத்தமாக மூடி மட்டம் செய்திருந்தார். அந்த மண்ணைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது பின்னால் காலை இழுத்துக்கொண்டு அப்பா வந்தார். கையில் நூல்கண்டு. நேராகப் பின்பக்கம் போய் அந்த முனைக் கல்லில் நூலைக் கட்டினார், மெதுவாக நடந்து வந்து கேட் தூணில் மறு முனையை இழுத்துக் கட்டினார். நூல் விறைப்பாக நின்றது, சுண்ணாம்புக் கோடு முழுக்க நம் பக்கம் கிடந்தது. "ஸ்ரீகண்டா, ஒரு கல்லு இன்னும் இருக்குப்பா" என்றார். ஒருவழியாகச் சொல்லிவிட்டார். அவன் குனிந்து நூலின் நேரைப் பார்த்தான், பிறகு மேஸ்திரியிடம் கன்னடத்தில் கோட்டை அழிக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனான். அப்பா ஜாக்கியைத் துடைத்து அவன் வாசலில் வைத்துவிட்டு வந்தார். இப்போது ஸ்ரீகண்டன் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறான், அது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தாயா? நேற்றுக் காலையில் பின்பக்கம் போனால், இவர் அந்த முனைக் கல்லின் அடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். என்ன இது என்றால், "பெரிய செயின் கெடச்சா வந்துடும்" என்கிறார். வாளியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சுவர் எழும்பும்வரை அந்தக் கல்லை அவர் தொடக்கூடாது என்று நீதான் சொல்ல வேண்டும், நீ சொன்னால்தான் கேட்பார்.

உங்கள் மூவரையும் ஆண்டவர் எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காக்கட்டும். குழந்தைக்கு என் முத்தம். இனி அப்பாவுக்குப் பாட்டு அனுப்பு, பிரசங்கம் அனுப்பு, அந்த வெள்ளைக்காரரை மட்டும் அனுப்பாதே.

பாசமுள்ள அம்மா,
ஆஞ்சலா ஓஸ்வால்ட்