இந்த வாரப் பூங்கொத்து

க்ரோனிங்கன், திங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்தான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், திருவிருந்து மேசையிலுள்ள பூங்கொத்தை நோயாளி அல்லது தனிமையில் இருக்கும் ஒருவருக்குச் சபையார் அனுப்புவார்கள். சைக்கிளில் கொண்டுபோவது என் வேலை. இந்த வாரம் யாருக்கு என்று நேற்று மூப்பர் ஹார்மிடம் கேட்டேன்.

"உனக்குத்தாம்மா."

"எனக்கா? உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"உடம்பை யாரு சொன்னா? எல்லாரும் காபி குடிச்சிட்டுப் போனப்புறமும் கழுவின கப்பையே திரும்பத் திரும்பக் கழுவுற. தேஞ்சுடப் போகுது."

சிரித்து மழுப்பினேன். ஆனால் இரவுவரை அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். பூக்கள் காபிப் பாத்திரத்தில் நிற்கின்றன. அதனால் இன்று காபி இல்லை.

நம் நீலப் பூச்சாடி எனக்கு வேண்டும். தபாலில் உடைந்துவிடும். முழங்கால் தேறியதும் நீங்களே கொண்டுவர முடியுமா?

சபையின் மதிய சூப்புக்குக் கிழங்கு உரிக்கக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

லொப்கெ