மூன்று விரற்கடை

பிப். 7, சனி

காலை ஆறு மணிக்குப் பல் கிட்டும் குளிர். பதினோரு மணிக்குத் தார் கொதித்தது. புனேயின் பிப்ரவரி. ஒரே நாளில் ஸ்வெட்டரும் மோரும்.

இன்று பயிற்சி மட்டும். நாளைதான் பந்தயம். கொண்டுபோனது: தண்ணீர் எட்டு பாட்டில், டூல் பெட்டி, சு.வின் தோல் உடை, எலுமிச்சை சாதம், அளவு டேப், முதலுதவிப் பை. மறந்தது: என் தொப்பி. மூக்கு வெந்துவிட்டது.

(சு. என்றால் சுதாகர். என் வீட்டுக்காரர். முழுதாக எழுதினால் யாரோ பக்கத்து ஃபிளாட் ஆள் போல இருக்கிறது.)

ஓடுதளத்தில் எப்போதோ விமானம் இறங்கியதாம். இப்போது இரண்டு இரண்டு பைக்காக நேர்க்கோட்டில் விடுகிறார்கள். நானூறு மீட்டர், அவ்வளவுதான். யார் கேட்டாலும் "இதுக்கா இவ்வளவு அலப்பறை?" என்பார்கள். என் அம்மா இன்னும் கேட்கிறாள்.

கிளம்பும் கோட்டில் அவர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பது நான். ஏழு வருடமாக. எதிரே விளக்குக் கம்பத்தின் உச்சியில் இரண்டு சின்ன மஞ்சள் பல்பு. முன்சக்கரம் கோட்டுக்குக் கிட்டே வந்தால் முதல் பல்பு. கோட்டைத் தொட்டால் இரண்டாவது. எதிராளியின் முதல் பல்பு எரியும்வரை நம் இரண்டாவதை எரியவிடக் கூடாது, அது மரியாதை. இரண்டு பேரும் இரண்டாவதையும் எரியவிட்டால் கீழே ஆரஞ்சு இறங்கி, பச்சை. அதற்கு முன்னால் சக்கரம் கோட்டை விட்டு வெளியே போனால் சிவப்பு. வீட்டுக்குப் போகலாம்.

சு. பச்சைக்குக் காத்திருப்பதில்லை. யாரும் காத்திருப்பதில்லை. கடைசி ஆரஞ்சைப் பார்த்தே கிளட்சை விடுகிறார். சக்கரம் கோட்டின் நுனியில் நின்றால், உருண்டு வெளியே போவதற்குள் பச்சை வந்துவிடும். இன்னும் உள்ளே, முன்னால் தள்ளி நின்றால் பச்சைக்கு முன்பே வெளியே போய்விடும். அதனால் நுனியில் நிறுத்துவது என் வேலை. பல்பு ஒருமுறை எரிந்தபின் சக்கரம் இன்னும் அரை ஜாண் உள்ளே போனாலும் பல்பு அதேபோலத்தான் எரியும். ஹெல்மெட்டுக்குள் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைப் பார்க்கும் எனக்குத்தான் தெரியும். நான் ஒரு விரல் மடக்கினால் அவர் ஒரு விரற்கடை முன்னால் வருவார். கையை மூடினால் நின்றுவிடுவார். பேச்சே கிடையாது.

"எவ்வளவு வேணுங்க?"

"நுனி போதும் அம்மிணி. பல்பு முழிச்ச ஒடனே நிறுத்திப்போடு."

இஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் நெல்சன் வேறு: "பாபி, ஏக்தம் நுனி. தோடா கூட ஆகே வேணாம், சம்ஜே?" அண்ணி, கொஞ்சம்கூட முன்னால் வேண்டாம் என்கிறான். கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவன். அவன் தமிழைக் கேட்டால் என் அம்மா காதைப் பொத்திக்கொள்வாள்.

ஆறு முறை ஓட்டினார். ஆறும் பச்சை.

திரும்பும்போது காரில் சு. நெல்சனிடம் சொன்னது: "இந்தத் தடவ ஃபைனல் வரலீன்னா ஹெல்மெட்ட மூட்ட கட்டிப்போடுவேன். அம்மிணி மேல சத்தியம்." சத்தியம் செய்தால் காப்பாற்றுகிற ஆள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிப். 8, ஞாயிறு

எதிர்க்காற்று. நல்ல கூட்டம். யாரோ ட்ரோன் விட்டார்கள்.

முதல் சுற்று ஜெயம். இரண்டாவது சுற்றில் சிவப்பு. வெளியே.

இதோடு மூடிவைக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. இந்த நோட்டில்கூடப் பொய் எழுதினால் நான் எங்கேதான் போவது.

போன வருடம் அவர் விழுந்தபோது கோட்டில் நின்ற எனக்குத் தூசி மட்டும்தான் தெரிந்தது. நானூறு மீட்டர் ஓடினேன். பாதியில் செருப்பு போனதுகூடத் தெரியவில்லை. காறை எலும்பில் தகடு, ஆறு ஆணி. அவருக்கு மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது. எனக்கு ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் கிளம்பிய பின் நான் எண்ணுகிறேன். பதினொன்று, பன்னிரண்டு. பன்னிரண்டுக்குள் மைக்கில் அவர் பெயர் வராவிட்டால் செருப்பைக் கழற்றி ஓடத் தயாராகிவிடுவேன்.

இன்று இரண்டாம் சுற்று. பக்கத்துத் தடத்தில் கோலாப்பூர்க்காரன் ஒருவன். மரியாதையான பையன், முதல் பல்பை எரியவிட்டுத் தலையை ஆட்டினான். சு. என் கையைப் பார்த்தார். ஒரு விரல். ஒரு விரல். இரண்டாவது பல்பு எரிந்தது. சக்கரம் சரியாக நுனியில்.

கையை மூடியிருக்க வேண்டும்.

இன்னும் மூன்று விரல் மடக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் மூடினேன். அவர் வந்தார். பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர் "சலா, சலா!" என்று அவசரப்படுத்திக் கத்திக்கொண்டிருந்தார்.

கை தானாக அசைந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அசையவில்லை. நான்தான் அசைத்தேன். மடக்கும்போது ஒவ்வொன்றையும் மனதுக்குள் எண்ணினேன். நேற்று காரில் திரும்பிக்கொண்டபோதே நினைத்துவிட்டேன் போல.

சிவப்பு. ஆயிரத்தில் பதினொரு பங்கு நொடி முந்திவிட்டாராம்.

திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். முதல் வார்த்தை:

"ஸாரி அம்மிணி. கை முந்திக்கிச்சு."

நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

பிப். 9, திங்கள்

விமான் நகர். ஆபீஸ். ஏ.சி. ஜாஸ்தி. சால்வை எடுத்துப் போக வேண்டும்.

என் வேலை மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை தேடுவது. இன்று இரண்டு பிழை பிடித்தேன். டீம் லீட் பாராட்டினாள். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

சு. இன்று வேலைக்குப் போகவில்லை. ஹெல்மெட், கையுறை, தோல் உடை எல்லாவற்றையும் துடைத்து, பழைய ஏர் கூலருக்குப் பக்கத்தில் பரணில் ஏற்றிவிட்டார். பாத்திரம் தேய்க்க வரும் மௌஷி என்னிடம் மெல்ல, "ஸாஹேப் ஆஜாரி ஆஹேத் கா?" என்றாள். உடம்பு சரியில்லையா என்கிறாள். இல்லை, களைப்பு என்றேன்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷமாக இருக்க வேண்டும். ராத்திரிக்குக் கிச்சடி செய்தேன், அடி பிடித்துவிட்டது.

பிப். 11, புதன்

வெயில் ஏறிவிட்டது. ஃபேன் துடைக்க வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும். எங்க அம்மாவுக்கு போன் (செய்யவில்லை).

சு. மொபைலில் ஒரு விளையாட்டு இறக்கியிருக்கிறார். திரை பச்சையானதும் தட்ட வேண்டும். எவ்வளவு நேரத்தில் தட்டினோம் என்று காட்டும். சாப்பிடும்போதும் தட்டுகிறார். நல்ல எண் வந்தால் "இது லக்" என்கிறார். மோசமான எண் வந்தால் என்னிடம் காட்டுகிறார்.

சாயங்காலம் நெல்சன் வந்தான். வடா பாவ் வாங்கி வந்திருந்தான், ஆறிப்போனது.

"அரே யார், ஒரே ஒரு ரெட்டுக்கு இவ்ளோ ட்ராமாவா? அடுத்த ரேஸ் மீட்ல பாத்துக்கலாம்."

"முப்பத்தாறு ஆச்சுடா. கை போயிருச்சு."

"குச் பி, சும்மா உளறாத! பாபி, நீயாவது சொல்லு இவனுக்கு."

நான் உள்ளே போய் டீ போட்டேன். மூன்று டம்ளருக்குப் பதில் நான்கு எடுத்திருந்தேன்.

நெல்சன் கிளம்பியதும் அவரோடு காரில் மளிகைக்குப் போனேன். சிக்னல் பச்சையாகியும் அவர் நகரவில்லை. பின்னால் ஹாரன். "பச்சைதானே?" என்று என்னிடம் கேட்டார். ஏழு வருடமாகப் பச்சைக்கு முன்னாலேயே கிளம்பிய மனிதர்.

பிப். 13, வெள்ளி

தலைவலி.

சாக்கண் பைக் ஃபேக்டரியில் அவருக்கு வேலை புது பைக்குகளைச் சோதனைத் தடத்தில் ஓட்டி பிரேக் பார்ப்பது. ஈர ரோட்டில், மணலில், முழு வேகத்தில். பத்து வருடமாக. அந்த வேலையைப் பற்றி நான் பயந்ததே இல்லை. அங்கே அவர் நிறுத்துகிற ஆள், பாய்கிற ஆள் இல்லை.

இன்று லேப்டாப்பில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நின்று படித்தேன். இனி வண்டி ஓட்ட வேண்டாம், மேஜை வேலைக்கு மாற்றுங்கள் என்று மேனேஜருக்குக் கடிதம்.

"எதுக்குங்க இது?"

"கோட்டுலயே கை ஏமாத்திருச்சு. அங்க ஏமாத்துச்சுன்னா என்ன ஆகும்? கூட ஓட்டறவன் மேல போய் உட்டுட்டா?"

"ஒரு தடவ தானுங்க..."

"ஒரு தடவதான் எச்சரிக்கை காட்டும் அம்மிணி. அதுக்கப்புறம் காட்டாது. திங்கக்கெழம குடுத்தர்றேன்."

திங்கட்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள்.

சொன்னால்: என்னை வெறுப்பார். மறுபடி ஓட்டுவார். மறுபடி விழலாம்.
சொல்லாவிட்டால்: பத்திரமாக இருப்பார். தன் கையையே நம்பாமல், முப்பத்தாறு வயதில், ஒரு மேஜைக்குப் பின்னால்.

நான் அவரை ஓட்டத்திலிருந்து எடுக்க நினைத்தேன். அவரிடமிருந்து அவரையே எடுத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. எது ஜாஸ்தி என்று தெரியவில்லை.

பிப். 14, சனி

சொல்லிவிட்டேன்.

காலை எட்டரை. போஹாவுக்கு அவல் நனைத்து வைத்திருந்தேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் கையில் கத்தி இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாது, அப்போது தோன்றவில்லை.

"அன்னிக்கு உங்களைய நுனில நிறுத்தலீங்க."

"பின்ன?"

"மூணு வெரல் உள்ள வாங்கினேன்."

"பல்பு எரிஞ்சது உனக்கு லேட்டா தெரிஞ்சுதாக்கு?"

"இல்லீங்க. எரிஞ்சதப் பாத்தேன். பாத்துட்டுத்தான் வாங்கினேன்."

கத்தியை வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் தன் மூன்று விரலைச் சேர்த்து மேடைமேல் வைத்துப் பார்த்தார். உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறார்.

"மூணு வெரலு... பதினொன்னுதான முந்துச்சு? அட! அப்ப நுனில நின்னிருந்தா பச்சையாட்ட இருக்குது!"

"பச்சைதானுங்க."

"பச்சையேதான்!"

சிரித்தார். ஆறு நாளாகக் காணாத சிரிப்பு. கண்ணில் தண்ணீர், வெங்காயமோ என்னவோ. ஈரக் கையோடு போனை எடுத்து நெல்சனைக் கூப்பிட்டார். "டேய், என் கை கரெக்ட்டாத்தான் இருந்துச்சுடா!" அந்தப் பக்கம் நெல்சன் என்னவோ கேட்டான். பின்னே எப்படி சிவப்பு என்று கேட்டிருப்பான். சு. என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் மாறியதை நின்று பார்த்தேன்.

"ஒண்ணுமில்லடா. வண்டி சித்த உள்ள நின்னுருச்சு. அவ்வளவுதான்."

போனை வைத்தார்.

"எதுக்கு அம்மிணி?"

"நீங்க விட்டுருவீங்கன்னு."

"வாயத் தொறந்து விட்டுருங்கன்னு ஒரு தடவ சொல்லியிருந்தா?"

சொன்னதே இல்லை, உண்மைதான். ஏழு வருடம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விரலை மட்டும் மடக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஜெயித்தபோது எல்லோரையும்விட ஜோராகக் கை தட்டியதும் நான்தான்.

மீதி வெங்காயத்தையும் அவரே நறுக்கினார். போஹா சாப்பிட்டோம். உப்பு இல்லை, இருவரும் சொல்லவில்லை. கடிதத்தை அழித்துவிட்டார், அதை மட்டும் பார்த்தேன்.

பிப். 15, ஞாயிறு

மேகம். மழை வராது. துணி இரண்டு லோடு.

சு. காலையில் நெல்சனின் ஷெட்டுக்குப் போய் ஒரு மணிக்கு வந்தார். பரணிலிருந்து ஹெல்மெட்டை இறக்கினார். நான்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்த மாசம் மீட் இருக்குது. பேர் குடுத்துட்டேன்."

"சரிங்க."

"சத்தியம் செல்லாதில்ல? அன்னிக்கு தோத்தது நான் இல்லியே."

"செல்லாதுங்க."

சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அம்மிணி, இனி கோட்டுல நீ நிக்க வேண்டாம்."

"கோவமாங்க?"

"கோவமெல்லாம் நேத்தே போச்சு. பயந்துட்ட, அது எனக்குப் புரியுது. ஆனா உன் கையப் பாத்தா நான் யோசிக்காம வருவேன். இனிமே பாத்தா யோசிப்பேன். கோட்டுல உக்காந்து யோசிக்க முடியாதில்ல."

நான் தலையாட்டினேன். நியாயம். கோபப்பட்டிருந்தால்கூடக் கெஞ்சியிருப்பேன், இதற்கு என்ன கெஞ்சுவது.

இனி நெல்சன் நிற்பானாம். ஆனால் அவன் விரல் ஒவ்வொன்றும் என்னுடையதைப் போல ஒன்றரை மடங்கு. என் விரல் அளவுக்குப் பழகிய சு.வுக்கு அது ஒத்துவராது. அதனால் ஒரு விரல் மடக்கினால் வண்டி எவ்வளவு வர வேண்டும், எப்போது கையை மூட வேண்டும் என்று நெல்சனுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாளை சாயங்காலம் ஆறு மணிக்கு அவனை வரச் சொல்லியிருக்கிறார். அளவு டேப்பை எடுத்து வைத்துவிட்டேன்.