இரண்டாவது நாற்காலி

கொட்டாரம்,
1934 நவம்பர் 17, சனிக்கிழமை.

ராகேலுக்கு,

நான் பேசாமல் இருந்தது போதும். மூன்றரை வருஷம் ஆகிறது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லாமல் இருக்கிறோம், நீங்களும் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்புகிறோம் என்று மாதாமாதம் எழுதிப் பழகிய வரியை இன்றைக்கு எழுதக் கை கூசுகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்பது எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருக்கிறது. செப்டம்பருக்குப் பிறகு இங்கிருந்து உனக்குக் கடிதம் இல்லை. அதற்குக் காரணம் நான்தான்.

இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் உன் அம்மா சொல்ல நான் எழுதியவை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. கடைசியில் உன் அம்மா சத்தியபாய் என்று நான் எழுதி முடித்ததும் அவள் தேங்காயெண்ணெய் பட்ட பெருவிரலைத் தாளின் மூலையில் ஒரு அழுத்து அழுத்துவாள், அதுதான் அவள் கையொப்பம். எழுத்து யாருடையது என்று உனக்குத் தெரியும், உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும், ஆனால் அவற்றில் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை. 1931இல் உன் கலியாண அறிவிப்பு ஓலையைச் சபைக் கோவிலில் வாசிக்க என் சம்மதம் கேட்டு மெட்ராஸ் போதகர் காகிதம் அனுப்பியபோது, யேசுரத்தினத்தின் மகனுக்கு நான் பெண் கொடுக்க மாட்டேன், ராகேல் சம்பந்தமான எந்தக் காகிதத்திலும் என் கையொப்பம் வராது, அவள் என் வாசல் ஏறக்கூடாது என்று இங்கே சபை மூப்பர்கள் நாலு பேர் முன்னால் சொன்னேன். சொன்னதைச் சொன்னபடி காத்தேன். யேசுரத்தினம் எனக்குச் செய்தது உனக்கும் தெரிந்ததுதான். தலைமையாசிரியர் வேலை காலியான வருஷம், எனக்கு நாலு வயது இளையவன், என்னிடம் வந்து, அண்ணா, நீங்க மனு குடுங்க, நான் குடுக்கல்லே என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே நாகர்கோவிலுக்கு நடந்து போய்த் தன் மனுவைக் கொடுத்தான். பதின்மூன்று வருஷமாக அவன் மணியடிக்கச் சொல்லி நான் வகுப்புக்குப் போகிறேன். அதை நான் மறக்கவில்லை, இந்தக் கடிதத்தினால் மறந்துவிட்டதாகவும் நீ எண்ண வேண்டாம்.

உன் கடிதம் எந்தக் கிழமை வந்தாலும் உன் அம்மா பிரிக்க விடமாட்டாள். சனிக்கிழமை மத்தியானம், எனக்குப் பள்ளி இல்லாத நேரத்தில், அடுப்பில் உலை வைத்துவிட்டு அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்து, இப்பம் வாசியுங்க என்பாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கே இறங்குவது என்று தீர்மானிக்காமலே நீங்கள் இருவரும் டிராமில் ஏறிக் கடைசி வரை போய் அதே வண்டியில் திரும்பி வந்தது, கடற்கரையில் மழை பிடித்துக்கொண்டு சாய்த்து வைத்த தோணிக்கு அடியில் பதுங்கிச் சுண்டல் தின்றது, மூர் மார்க்கெட்டில் நிமிஷமுள் இல்லாத கடிகாரம் ஒன்றை வாங்கி வந்து, மணி தெரிந்தால் போதும், நிமிஷம் பணக்காரருக்கு என்று சுவரில் மாட்டியது, எல்லாம் வாசிப்பேன். போன கிறிஸ்துமஸுக்கு நீ முந்திரிக்கொத்து செய்து பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க, அவர்கள் ஒவ்வொன்றாகப் பிட்டுப் பார்த்து இதில் முந்திரி எங்கே என்று கேட்க, சிறுபயறும் கருப்பட்டியும்தான் உள்ளே, முந்திரி பெயரில் மட்டும் என்று நீ சொல்லப்போய் அவர்கள் நம்பாமல் பார்த்ததை வாசித்தபோது உன் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த மூச்சில், பாகு இளகிப் போச்சுன்னு எழுதியிருக்காளே, பதம் பாக்க எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன், அவளுக்கு நெனப்பு முழுக்கப் புஸ்தகத்திலயாக்கும் என்றாள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் நீ வாங்கிய நாற்காலி, ஒரு கால் குட்டையாக இருந்து உன் வீட்டுக்காரன் ஜெயசிங் அடியில் மரத்துண்டு வைத்து ஆணி அடித்தானே, அதை அவள் தெருவில் எல்லோரிடமும் சொல்லி வந்தாள்.

வாசிக்கும்போது நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வேன். ஆனால் அந்த டிராமில் நானும் போயிருக்கிறேன், ராகேல். மெட்ராஸில் கல்லூரியில் படித்த இரண்டு வருஷமும் கையில் துட்டு இருந்த ஞாயிறெல்லாம் போனேன். அப்பா இறந்ததும் என் அண்ணன், ஆறு மாசம் வந்து வயலைப் பார்த்துக் கொடு, பிறகு போய்ப் படி என்று எழுதினான். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. வயலும் அவனிடம்தான் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது இரண்டாம் உபாத்தியாயர் வேலையும், ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துப் போட்ட ஒரு மேஜையும். வீட்டிலிருந்து பள்ளிக்கு முந்நூறு அடி, பள்ளியிலிருந்து கோவிலுக்கு இருநூறு அடி, இதற்குள்ளேயே எனக்குத் தலை நரைத்துவிட்டது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, உலை கொதிக்கிற நேரம் வரைக்கும், நான் இதற்கு வெளியே இருப்பேன். அதை உன் அம்மாவிடமும் சொன்னதில்லை.

இனி செப்டம்பர் மாதக் கடிதத்துக்கு வருகிறேன். அதில் நீ இரண்டு தாள் எழுதியிருந்தாய். மூர் மார்க்கெட்டில் பச்சை வர்ணம் உரிந்த பழைய மரத்தொட்டில் ஒன்று வாங்கினோம், இப்போது நாலு மாதம் என்று எழுதி, அம்மா, முதல் பேறுகாலத்துக்கு நான் எங்கே போக வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று முடித்திருந்தாய். வாசிப்பவன் நான் என்று தெரிந்துதான் அந்த வரியை எழுதினாய். முதல் பிள்ளைக்குத் தாய் வீட்டுக்கு வராத பெண் இந்த ஊரில் கிடையாது. ஆனாலும் வாய் தானாகவே அந்த வரிகளைத் தாண்டிப் போயிற்று. என்னவாக்கும் வாங்கினா இந்தத் தடவ என்று உன் அம்மா கேட்டாள். நாற்காலி என்றேன். நம்ம வீட்டுலயே ஒண்ணுதான் கிடக்கு, அவளுக்கு எதுக்கு ரெண்டாவது நாற்காலி, யாரு வந்து இருக்கப்போறா என்றாள். பிறகு அடுப்பைத் திரும்பிப் பார்த்து, உலை இன்னும் கொதிக்கல்லியே, அதுக்குள்ள ரெண்டு தாளும் தீந்து போச்சா என்றாள். எழுத்துத் தெரியாதவளை ஏமாற்றுவது எளிது என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கே பதில் சொன்னாள், நானும் எழுதினேன். இனிமேல் நாற்காலி கீற்காலி என்று துட்டைப் பாழாக்காதே, இருக்கிறது போதும் என்று உனக்கு வந்ததே, அதுதான். எங்கே வந்து பிள்ளை பெறட்டும் என்று நீ கேட்டதற்கு இந்த வீட்டிலிருந்து போன பதில் அது. நீ அதைப் படித்துவிட்டு என்ன நினைத்திருப்பாய் என்று எண்ணாத நாள் இல்லை. உன் அம்மா உன் கேள்விக்கு அதைச் சொல்லவில்லை, அப்போது அவளுக்கு ஒன்றுமே தெரியாது. அக்டோபரில் உன்னிடமிருந்து மூன்றே வரி வந்தது, சுகம், வேறு விசேஷம் இல்லை என்று. டிராம் இல்லை, சமையல் இல்லை, மார்க்கெட் இல்லை. உன் அம்மா அந்தத் தாளை வாங்கிப் பின்புறம் திருப்பிப் பார்த்துவிட்டு, எம்மவ சொகமா இல்ல என்றாள்.

அந்தப் பூஜை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலையில், அவ மழையில தோணிக்கடியில இருந்து சுண்டல் திங்கா, நமக்கு நாலு மைலுல கடலு கிடக்கு, நீங்க என்னக் கூட்டிட்டுப் போயி எத்தன வருசமாச்சு, இன்னைக்கு நாமளும் பஸ்ஸுல போவோம் என்றாள். அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும் இலையில் கட்டி எடுத்துக்கொண்டாள். கன்னியாகுமரியில் இறங்கியதும் மரியஜானின் சாயாக்கடையில் அவளை உட்கார்த்திவிட்டு நான் கால் நனைக்கப் போனேன். மரியஜானை நீ சிறு பெண்ணாகப் பார்த்திருப்பாய், என்னிடம் மூன்று வருஷம் படித்தவன், இப்போது மீசையும் தொந்தியுமாக இருக்கிறான். வாசகம் வாசிக்கும்போது வரி விட்டுப் போவான், அதற்காக எத்தனையோ தடவை அவனை அடித்திருக்கிறேன். நான் திரும்பி வந்தபோது அவன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நின்று உன் செப்டம்பர் கடிதத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். உன் அம்மா அதை மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். காற்று அப்படி அடித்தும் ஒரு சொல்லும் தப்பாமல் என் காதில் விழுந்தது, பச்சைத் தொட்டில், நாலு மாதம், அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். என்னைக் கண்டதும், கொள்ளாம் சாரே, பேரப்பிள்ள வரப்போவுது, பாட்டா ஆவப்போறிய, ஒரு வாக்கு சொல்லல்லியே, இன்னைக்குச் சாயாக்குத் துட்டு வேண்டாம் என்றான். உன் அம்மா, அம்பிடு வரியும் வாசிச்சியா மக்கா என்று கேட்டாள். அவன், வரி விட்டா சாரு தோல உரிச்சிப் போடுவாரே என்று சிரித்தான். அவள் சாயாவை முழுக்கக் குடித்தாள். கிழங்கை அவிழ்க்கவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம்.

சண்டை போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை. கடிதத்துக்குச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். நான் தாளும் மையும் எடுத்து வைத்தால் எழுந்து போய்விடுவாள். பக்கத்து வீட்டுத் தாணம்மாள் வந்தால் அவளிடம் என் காதுபட, இவிய மவ ஒரு நாற்காலி வாங்கியிருக்கா, ஆட்டினா ஆடுமாம் என்கிறாள். சோறு வைக்கும்போது, ரெண்டாவது நாற்காலி எப்பம் வருமாம் என்று கேட்கிறாள். மூப்பர்கள் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டேன், நான் என்ன செய்ய என்று ஒரு நாள் கேட்டேன். உங்க வாசலு உங்க வாக்கோட கிடக்கட்டும், அடுக்களை வாசலு எனக்குள்ளதாக்கும், எம்மவ அதுவழியா வருவா, இல்லேன்னா நான் அதுவழியா போவேன், ரெண்டுல ஒண்ணு என்றாள். பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து மடித்து ஒரு பெட்டியில் வைத்திருக்கிறாள். அந்தப் பெட்டி இங்கே இருக்குமா மெட்ராஸுக்குப் போகுமா என்பது என் பதிலைப் பொறுத்தது, அதை அவள் சொல்லாமலே தெரிகிறது.

அந்த வரிகளை நான் ஏன் விட்டேன் என்று நீ கேட்பாய். வாக்குக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது பாதிதான். தெரிந்தால் அன்றைக்கே அவள் மெட்ராஸுக்குப் புறப்படுவாள், நான் இந்தச் சுவர்களோடு தனியாக இருப்பேன், எனக்கு வாசிக்கக் கடிதமும் வராது. கேட்பதற்கு அவள் இருந்தால்தானே நான் வாசிக்க முடியும். என் வாயால் உன்னை ஒதுக்கிவிட்டு, உன் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

ஆகையால் நீ வா. டிசம்பரில் நீ படிப்பிக்கும் பள்ளி அடைத்ததும் ஒரு நாளும் தாமதிக்காதே, அதற்கு மேல் பிரயாணம் ஆகாது. ரயிலில் திருநெல்வேலி வரை வந்தால் அங்கே நான் நிற்பேன். பஸ்ஸில் பின்சக்கரத்துக்கு மேல் உள்ள இடத்தில் உட்காரக் கூடாது, ஆரல்வாய்மொழி வரைக்கும் ரோடு தூக்கித் தூக்கிப் போடும். ரயிலடியில் விற்கும் எதையும் தின்னாதே, சோறு கட்டிக்கொள். தொட்டிலைக் கழற்றிக் கொண்டுவா, இங்கே வேறு தொட்டில் இல்லை. ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையில் சாமானை அவிழ்த்துக் காட்டச் சொல்வார்கள், நீ பேசாமல் இரு, நான் பேசிக்கொள்கிறேன். ஜெயசிங்குக்கு லீவு கிடைத்தால் அவனே கூட்டி வரட்டும். வந்தால் தகப்பன் வீட்டில் தங்குவதும் இங்கே தங்குவதும் அவன் இஷ்டம். நான் யேசுரத்தினத்தோடு பேசப் போவதில்லை. இந்த வீட்டில் உள்ள ஒரே நாற்காலியில் அவன் மகன் உட்காரட்டும், நான் பெட்டி மேல் இருந்துகொள்கிறேன், என்னால் ஆவது அவ்வளவுதான். கர்த்தர் உன்னையும் உன் வயிற்றில் உள்ளதையும் காக்கட்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டு உன் அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். உலை கொதித்துப் பொங்கி அடுப்பு அணைந்துபோயும் அவள் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும், எல்லா வரியும் வாசிச்சியளா, இல்ல மரியஜான்கிட்டக் கொண்டு காட்டட்டா என்றாள். கொண்டு காட்டு என்றேன். தாளை நீட்டி, விரலை வை என்றேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இது நீங்க எழுதினது, ஒப்பும் நீங்களே போடணும் என்றாள். பிறகு, ஐந்து வாரமாகக் கடிதத்துக்கு ஒன்றும் சொல்லாதவள், ஒரு வரி மட்டும் சொன்னாள், அடுக்களை வாசல் திறந்து கிடக்கும்னு எழுதுங்க என்று. எழுதிவிட்டேன்.

முன்வாசல் கதவை நாங்கள் திறப்பதே இல்லை, தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. சற்று முன் எழுந்து போய் எண்ணெய் விட்டு அசைத்துப் பார்த்தேன், நாலாவது இழுப்பில் வந்துவிட்டது. ஆனால் பேனாவை எடுத்துப் பெயர் எழுதப் போனால் அந்த நாலு மூப்பர்களும் எதிரே வந்து நிற்கிறார்கள். அரைமணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஊர் அஞ்சல் மகாராஜாவுடையது, அதில் போட்டால் சமஸ்தானத்தைத் தாண்டாது, நாகர்கோவில் பிரிட்டிஷ் தபாலாபீசுக்கு நடக்க வேண்டும், பொழுது போகிறது. மூலையில் இருக்கும் எண்ணெய்க் கறை இந்தத் தடவை உன் அம்மாவுடையது இல்லை. கையொப்பம் இல்லாமல் இப்படியே போடுகிறேன்.