அம்மன் கேட்ட சேவலும் கொண்டை கிழிந்தவனும்

என் தங்கையைக் கட்டிக்கொண்டு, என் பேச்சை மட்டும் கடைசிவரை கேட்காமலே போய்விட்ட அருமை மாப்பிள்ளை மாரியப்பனுக்கு,

சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். அழுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நம் சங்கத்து ஆண்டு மலரில் உம்மைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். மட்டாஞ்சேரித் தமிழரில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. எட்டாம் வகுப்போடு நான் நின்றபோது வாத்தியார் எங்கள் வாசலில் வந்து நின்று அழுதார். உம்மிடம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறையாவது நம்பினீரா?

ஊர் அப்படியேதான் இருக்கிறது. அரிசி மண்டிச் சந்தில் லாரி நுழைந்தால் மனிதன் சுவரில் பல்லியாக ஒட்டிக்கொள்ள வேண்டும். சிந்திய அரிசியை உம் பெட்டைக் கோழிகள் ஒரு மணி விடாமல் பொறுக்கிவிடுகின்றன. நீர் கார்ப்பரேஷனில் தெருக்கூட்டிய காலத்திலும் பாதி வேலையை அவைதான் செய்தன. நல்ல பெயரை நீர் வாங்கிக்கொண்டீர்.

இப்போது கோழி வைத்திருக்கிறவன் எல்லாம் நிபுணன், மாப்பிள்ளை. எதிர்வீட்டுத் தாமஸ் சேட்டன், கால் முழுக்க இறகு முளைத்த சீமைச் சேவல் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். மழையில் நனைந்தால் அது துவைத்துப் போட்ட கால்மிதி மாதிரி நிற்கும். பிராட்வேச் சந்தையில் கூண்டோடு விற்கிறார்களே வெள்ளைப் பிராய்லர், அதைக் கோழி என்று சொல்லவே எனக்கு நாக்குக் கூசுகிறது. நம்முடையது தலச்சேரிக் கோழி. அட்டைக் கறுப்பு. வெயில் பட்டால் கழுத்திலும் வாலிலும் நீலம் ஓடும். நம் சேவல் கருப்பன் கூவினால் ஃபோர்ட் கொச்சித் துறையில் கப்பல் கேப்டன் எழுந்து கடிகாரத்தைத் திருத்திக்கொள்வான். நானே பார்த்திருக்கிறேன்.

அந்தக் கருப்பனைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதில் நமக்குள் சண்டை உண்டு. குஞ்சுகளில் சேவல் எது என்று தெரிந்ததும் நாம் இருவரும் முற்றத்தில் உட்காருவோம். நான் நிறமும் நடையும் பார்ப்பேன், ராஜாக்கள் பார்த்த மாதிரி. நீர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றின் நெஞ்செலும்பையும் தடவுவீர், குருட்டுத் தையல்காரன் மாதிரி. எலும்பு கோணியவன் குழம்புக்கு. பிள்ளைகளைக் கொத்துகிறவன் குழம்புக்கு. தீனியைக் கண்டதும் பெட்டைகளைக் கூப்பிடாமல் தான் மட்டும் தின்கிறவனும் குழம்புக்கு. இந்தச் சட்டத்தை மனிதருக்கும் வைத்திருந்தால் நம் சங்கத்துச் செயற்குழுவில் ஒருவன் மிஞ்சமாட்டான்.

உம்முடைய பெரிய பைத்தியக்காரத்தனம் கருப்பனின் தம்பி விஷயம். குஞ்சாக இருந்தபோது கீரி கவ்வி, கொண்டையில் பாதி போனவன். அவனை நீர் பள்ளுருத்தியில் ஆட்டோ ஓட்டும் ஷாஜி வீட்டில் கொண்டுபோய் விட்டீர். “இந்த மூஞ்சியைப் பார்த்தா பெட்டைக்குக் காய்ச்சல் வரும்வே, அறுத்துப் போடும்” என்றேன்.

“கீரி கடிச்சது ரத்தத்துல ஏறாது மச்சான். ஒருத்தன் வீட்ல, ஒருத்தன் வெளியில. ஒருத்தன் போனா வம்சம் போயிரக் கூடாதுல்லா.”

நான் சிரித்தேன். இப்போதும் சிரிப்புத்தான் வருகிறது.

நீர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் தங்கை பார்வதி கருப்பனை அம்மனுக்கு நேர்ந்துவிட்டாள். இது உமக்குத் தெரியாது. அந்த நாட்களில் உமக்கு எதுதான் தெரிந்தது? நீர் போய்ச்சேர்ந்தீர். அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நான் நினைத்தேன். கோவில் கொடைத் திருவிழா வந்தது. பின்னாலேயே பொருளாளர் சுடலைமுத்து வந்தான். காக்கையைக் காட்டிச் சேவல் என்றாலும் தலையாட்டுகிற ஆள் அவன்.

“அண்ணாச்சி, பார்வதியக்கா நேர்ந்த சேவல் ஒண்ணு பாக்கி நிக்கி.”

“எதுக்குவே சேவல்? ஆளுதான் போயாச்சே. வேலைய முடிக்காம ஆத்தா கூலி வாங்குவாளோ?”

“இது சாமி விஷயம் அண்ணாச்சி. மூட்டை தூக்குற சுமட்டுக்காரன் யூனியன் விஷயம் இல்ல.”

நேர்ந்த சேவல் குறையில்லாமல் இருக்க வேண்டுமாம். அதுதானே மாப்பிள்ளை நம் சட்டமும்! பெட்டைகளுக்கும் அவன்தான் வேண்டும், அம்மனுக்கும் அவன்தான் வேண்டும். கருப்பன் போனால் முற்றத்தில் மிஞ்சுவது அவன் மகன் ஒருவன். பார்க்க அப்பனை உரித்து வைத்தவன், ஆனால் நெஞ்செலும்பு வளைந்தவன். தடவிப் பார்க்க நீர் இல்லாததால் குழம்புக்குத் தப்பியவன்.

நான் சும்மா இருப்பேனா? அந்த மகனைப் பிடித்து, வாலில் தேங்காயெண்ணெய் தடவி, காலில் மஞ்சள் துணி கட்டிக் கூடையில் வைத்தேன். பெற்ற பெட்டையே ஏமாந்துபோகும். கோவிலுக்குக் கிளம்பும்போது பார்வதி கூடைக்குள் கையை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். உம்மை மாதிரியே.

“அண்ணே, நெஞ்சு கோணியிருக்கு.”

“அம்மன் தடவியா பாக்கப் போறா?”

“அவ பாக்கமாட்டா. இவரு பாப்பாரு.” சுவரில் உம் படத்தைக் காட்டினாள். பொட்டு வைத்து மாலை போட்ட பிறகும் வீட்டில் உம் அதிகாரம்தான். “வீட்டுக்கு ஆகாதத சாமிக்குக் குடுக்கவா எனக்குத் தடவிப் பாக்கச் சொல்லிக் குடுத்தாரு?”

“ஏட்டி, அவரப் பொழைக்க வைக்காத சாமிக்கு இவ்வளவு போதும்.”

“பொழைக்க வையின்னு நான் எங்க கேட்டேன்? டாக்டர் எங்கிட்ட முன்னாலயே சொல்லிட்டாரு. வலிக்காம வச்சுக்கோன்னுதான் நேர்ந்தேன். கடைசி ராத்திரி அவரு முனகலையே அண்ணே. நீங்களும் கூடத்தான இருந்தீங்க.”

கோணல்காரனை வெளியே எடுத்துவிட்டு, கருப்பனை நானே பிடித்துக் கூடையில் வைத்தேன். கூடை மூடியை மூன்று முறை கட்டினேன் என்று பார்வதி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சேவல் துடித்தால் முடிச்சு அவிழாதா?

இங்கே கோவிலில் சேவல் வெட்டு கிடையாது, ஏலம்தான். நேர்ந்தவர்கள் திரும்ப எடுக்கக்கூடாது என்று பார்வதி முதலிலேயே என் வாயைக் கட்டிவிட்டாள். எர்ணாகுளத்து ஓட்டல்காரன் ஒருவன் எடுத்துக்கொண்டு போனான். தலச்சேரிச் சேவலை மிளகு போட்டு வறுத்துத் தின்கிற ஊர் இது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

மறுநாளே தாமஸ் சேட்டன் மதில் மேல் தாடையை வைத்துக்கொண்டு நின்றார்.

“முருகேசா, என்றெ பூவனெ விடட்டே? பெண்ணுங்ஙள் தனிச்சல்லே?” தன் சேவலை அனுப்பட்டுமா, பெட்டைகள் தனியாக நிற்கின்றனவே என்கிறார்.

“மதி, போதும் சேட்டா. கால்மிதிக்கு எங்க வீட்ல பஞ்சமில்ல.”

சொல்லிவிட்டேனே தவிர, கோணல்காரனும் நம் சட்டப்படி குழம்புக்குப் போய்விட்டதால் பெட்டைகள் நாதியில்லாமல் திரிந்தன. அந்தச் சீமைக்காரன் எந்த நிமிஷமும் மதிலைத் தாண்டலாம். அப்புறம் கால் முழுக்க மயிரோடு குஞ்சு பொரிக்கும். நீர் இத்தனை வருஷம் தடவித் தடவிச் சேர்த்ததெல்லாம் ஒரு மழைக்காலத்தில் போய்விடும். உம் மகள் தீபா போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “மாமா, ஆன்லைன்ல நோக்கலாமே. போட்டோ கண்டா மதியல்லோ?” போட்டோவில் நெஞ்செலும்பைத் தடவ முடியுமா என்று கேட்டேன். உம்முடைய வாசகம்தான். அவசரத்துக்கு எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்கு ஓர் அபாரமான யோசனை தோன்றியது. பள்ளுருத்திக்குப் போனேன்.

ஷாஜி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கூடையை எடுத்துவந்தான். “ஆரெங்கிலும் வரும்னு மாரியப்பன் சேட்டன் பறஞ்ஞிருந்நு. சேட்டன் இத்ர வைகும்னு பறஞ்ஞில்ல.” யாராவது வருவார்கள் என்று நீர் சொல்லியிருந்தீராம், நான் இவ்வளவு தாமதமாக வருவேன் என்று மட்டும் சொல்லவில்லையாம். கொழுப்பைப் பாரும்.

கொண்டை கிழிந்தவன் இன்னும் அசிங்கமாகத்தான் இருக்கிறான். பாதிக் கொண்டை, அதுவும் ஒருபக்கம் தொங்கல். ஒரு பிடி அரிசியை வீசினேன். தலையை ஆட்டி ஆட்டிப் பெட்டைகளைக் கூப்பிட்டான். எல்லாம் வந்து கொத்தி முடியும்வரை ஒரு மணி தொடவில்லை. அம்மனுக்கு ஆகாத உடம்பு. ஆனால் வீட்டுக்கு வந்ததும் பார்வதி தடவிப் பார்த்துவிட்டு, “ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கு அண்ணே” என்றாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் ஒரு படி அரிசியை அள்ளிவந்து அவன் முன்னால் கொட்டினாள்.

இப்போது குஞ்சுகள் முற்றம் நிறைய ஓடுகின்றன, மாப்பிள்ளை. எல்லாம் கறுப்பு. சேவல் குஞ்சுகளுக்குக் கொண்டை முளைத்துவிட்டது. ஒவ்வொன்றையும் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். ரம்பப் பல் மாதிரி நேராக, முழுசாக நிற்கிறது. ஒன்றுகூடக் கிழியவில்லை.

இந்தத் திட்டம் முழுக்க என்னுடையது என்றுதான் சந்தில் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படித்தான் சொல்வேன். மறுக்க வேண்டுமென்றால் நீரே எழுந்து வாரும். முற்றத்தில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வோம். வருவீரா?

வரமாட்டீர். அதனால் ஒரு வாக்குத் தருகிறேன், வைத்துக்கொள்ளும். இந்தக் குஞ்சுகள் வளர்ந்ததும் நிறத்தையும் நடையையும் பார்க்கமாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பேன். இரண்டு பேரை எடுப்பேன். ஒருவன் வீட்டில், ஒருவன் ஷாஜி வீட்டில்.

உம் பெண்டாட்டிக்கு அண்ணன், உம் மகளுக்குத் தாய்மாமன், உமக்கு என்றைக்கும் மச்சான்,
முருகேசன்