சுக்கான் பிடிப்பவனின் பாகம்

மே 3
பாய்த்துணி வந்துவிட்டது. திருப்பாலைக்குடி பாய்மரப் படகுப் போட்டிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். இந்தத் தடவையும் பாய் தைப்பது நான்தான். "சுக்கான் பிடிக்கிறவன் பாகத்துல வெட்டு தாயி" என்றார் வள்ளத்துக்காரர் சுஐபு அண்ணன். இரண்டு கையையும் விரித்தால் விரல்நுனிக்கு விரல்நுனி ஒரு பாகம். டேப் வைத்து அளந்தால் அவருக்குப் பிடிக்காது. யார் சுக்கான் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மே 4
வெட்டிவிட்டேன். என் பாகத்தோடு ஒரு சாணும் நாலு விரலும் சேர்த்தால் என் வீட்டுக்காரர் பாகம்; போன வருசம் சுக்கான் பிடித்தவர் அவர்தான். எல்லை தாண்டியதாக அவரை இலங்கையில் பிடித்துவைத்து இன்றோடு நாற்பத்தொரு நாள். பதிமூன்றாம் தேதி வாய்தா. அன்றைக்கு விட்டால் போட்டிக்கு வந்துவிடலாம்தானே?

மே 9
தையல். வேறொன்றுமில்லை.

மே 13
வாய்தா இருபத்தேழுக்குத் தள்ளிப் போய்விட்டது. போட்டி இருபத்தைந்து. செய்தி வந்தபோது மிஷினில் இருந்தேன். நூல் தீரும்வரை மிதித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மே 16
கொழுந்தன் முனீஸ்வரனை சுக்கானில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தார்கள். அவன் அண்ணனைவிடக் குட்டை, எடையும் குறைவு. மேற்கிலிருந்து கச்சான் காற்று ஏறியதும் பாய் இழுத்த இழுப்பில் வள்ளம் கவிழ்ந்தது. ஆறு பேரும் தண்ணீரில். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஈரச் சட்டையோடு வாசலில் வந்து நின்றான்.

"மதினி, இது யாரு அளவு?"

"உங்க அண்ணன் அளவு."

தலையைத் துவட்டினான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மே 17
சுஐபு அண்ணன் வந்தார். "அவன் அளவுக்கு வெட்டிக் குடு தாயி. ஆறு பேரு உசுரு அதுல இருக்கு."

வெட்டினால் என் வீட்டுக்காரர் வரமாட்டார் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? எங்கிட்ட ஏன் கேக்குறீக— என்னால முடியாது. போங்க.

இதை அண்ணனிடம் சொல்லவில்லை. "பாக்குறேண்ணே" என்றுதான் சொன்னேன்.

மே 19
முனீஸைக் கை விரித்து நிற்கச் சொன்னேன். அவன் அண்ணன் அளவைவிடப் பாகத்துக்கு ஒரு சாண் குறைகிறது. வெட்டினேன். கத்தரி நன்றாகத்தான் ஓடியது. அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது.

மே 25
இருபத்தொரு வள்ளத்தில் இரண்டாம் இடம். கரையில் எல்லோரும் கத்தினார்கள். முனீஸ் தன் மாலையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான்.

மே 28
ஜெயிலிலிருந்து போன். இரண்டு நிமிடம்தான் பேச விடுவார்கள்.

"முனீஸ் நல்லா ஓட்டுனானா?"

"ரெண்டாவதா வந்தாக."

"பாயி?"

"அவன் பாகத்துக்கு வெட்டிட்டேங்க."

 

"நல்லதுதான் புள்ள. அடுத்த வருசத்துக்கும் அவன் அளவுலயே தச்சுரு."

நேற்றைய வாய்தாவிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பதினெட்டு மாசம்" என்றார்.

"சரிங்க" என்றேன்.